மிச்சத் துணுக்குகளில் பையன்களுக்குப் பிறந்தநாள் அட்டை: எந்த வயதுக்கு எதைத் தேர்ந்தெடுப்பது?

இந்த ஆண்டு எங்கள் குடும்பத்தில் நான்கு பையன்களுக்குக் கையால் வாழ்த்து அட்டை செய்து தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். தம்பி மகனுக்கு 4 வயது நிறைகிறது. எங்கள் தெருவிலேயே இருக்கிறான், ஒரு வயதுத் தங்கையும் அவனுக்கு உண்டு. தங்கை மகனுக்கு 8. அவன் சென்னையில் இருப்பதால் அட்டை மதுரையிலிருந்து தபாலில் போக வேண்டும். சித்தப்பா மகளின் பையனுக்கு 13. கிரிக்கெட்டைத் தவிர வேறு பேச்சு அவனிடம் இல்லை. அண்ணன் மகனுக்கு 18. நால்வருக்கும் ஒரே மாதிரி அட்டையைச் செய்து பெயரை மட்டும் மாற்றிவிடலாம் என்று முதலில் தோன்றியது. ஆனால் கையிலிருக்கும் பொருள்களைத் தரையில் பரப்பிப் பார்த்தபோது, ஒவ்வொரு துணுக்கும் ஒருவனுக்குப் பொருந்துவதும் இன்னொருவனுக்குப் பொருந்தாமல் போவதும் தெரிந்தது. எதை யாருக்கு, ஏன் தேர்ந்தெடுத்தேன் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் இருப்பவை பெரும்பாலான தமிழ் வீடுகளில் சேர்கின்றவைதாம்: கல்யாணப் பத்திரிகைகள், பழைய காலண்டர்கள், பள்ளித் திட்டப்பணிகளில் மிஞ்சிய சார்ட் துண்டுகள், பொருள்கள் வந்திறங்கிய அட்டைப்பெட்டிகள், ரவிக்கை தைத்த பிட்டுத்துணிகள், ஜரிகை லேஸ், சமுக்கி, ஜிகினா, உதிர்ந்த பித்தான்கள், போடாமல் வைத்திருக்கும் சட்டைகள். இவற்றில் பூவும் பட்டும் பளபளப்பும் மிகுதியாக இருப்பதால், பையன்களுக்கு அட்டை செய்ய உட்காருகிறவர்கள் பெட்டியை மூடிவிட்டு, நீலநிறத் தாளும் கார் படமும் வாங்கிவரக் கடைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குத் தேவையே இல்லை என்பது என் கருத்து. பையன்கள் அட்டையைக் கையில் வாங்கியதும் நிறத்தைவிட முதலில் கவனிப்பது, அது திறக்கிறதா, சுழல்கிறதா, உள்ளே ஏதேனும் இருக்கிறதா என்பதைத்தான். கிளிப்பச்சை ரவிக்கைத் துணி டிராக்டரின் உடம்பாகும். இரண்டு இழை ஜரிகை லேஸைப் பக்கம் பக்கமாக ஒட்டினால் தண்டவாளமாகும். ஆகவே துணுக்கின் நிறத்தைப் பார்த்து ஒதுக்காமல், அது என்ன வேலை செய்யும் என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பதே சரி.

அடித்தாள்: பத்திரிகையா, சார்ட்டா, காலண்டரா?

அட்டையின் உடம்பாக நிற்கப்போகும் தாளை முதலில் முடிவு செய்ய வேண்டும். மடித்தால் வெடிக்காமலும், நிறுத்தினால் சாயாமலும், பேனாவால் எழுத இடம் கொடுத்தும் இருக்க வேண்டும் என்ற மூன்று தேவைகளையும் ஒருசேர நிறைவேற்றுவது கல்யாணப் பத்திரிகைதான். நான் சமையலறைத் தராசில் எடைபோட்டுப் பார்த்த பத்திரிகைகள் சதுர மீட்டருக்கு 250 கிராமைச் சுற்றி இருந்தன. சாதாரண நகலெடுக்கும் தாளின் எடையோ 70 முதல் 80 கிராம்தான். பத்திரிகையின் ஒரு பக்கம் வெறுமையாக இருந்தால் அதுவே நம் அட்டையின் உட்பக்கமாகிவிடும். அச்சிட்ட பக்கத்தின் மேல் வேறு தாளோ துணியோ ஒட்டி மறைத்துவிடலாம்.

ஆனால் பத்திரிகையில் மூன்று சிக்கல்கள் உண்டு. பிள்ளையாரோ குலதெய்வமோ அச்சிட்ட முகப்பை வெட்டுவதற்குப் பல வீடுகளில் மனம் வராது. நானும் அந்தப் பகுதியைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மற்ற மடிப்புகளை மட்டுமே பயன்படுத்துகிறேன். நான்கு மூலைகளிலும் தடவிய மஞ்சள் பின்னால் ஒட்டப்படும் வெள்ளைத் தாளிலும் ஊறித் தெரியும் என்பதால், மூலைகளை முன்கூட்டியே நறுக்கிவிட வேண்டும். பொன்னிறப் படலம் அழுத்திய இடங்களில் பசை பிடிக்காது. அங்கே மட்டும் நைஸ் உப்புத்தாளால் மெல்லத் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பிடிக்கும்.

சார்ட் பேப்பர் இதைவிட மெல்லியது, விரும்பிய நிறத்தில் கிடைக்கும், குழந்தைகளின் சிறிய கத்தரிக்கோலுக்கும் இணங்கும். ஆனால் தனியாக நின்றால் சில நாள்களில் வளைந்துவிடும். அதை உள்தாளாகவும் ஒட்டுப்படமாகவும் பயன்படுத்துவதே நல்லது. அட்டைப்பெட்டியின் நெளியட்டை 3 மில்லிமீட்டர் அளவுக்குத் தடிப்பதால் மடிப்புக்கு உதவாது. ஆனால் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்துவிட்டால் உள்ளே இருக்கும் வரிவரியான நெளிவு வெளிப்படும். டயருக்கும் தகரக் கூரைக்கும் உழுத வயலுக்கும் அதைவிடப் பொருத்தமான பொருள் எந்தக் கடையிலும் கிடையாது.

காலண்டரில் இரண்டு வகையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மாதக் காலண்டரின் வழவழப்பான தாள் படம் வெட்டி ஒட்ட உதவுமே தவிர, உடம்பாக நிற்காது. அதன்மேல் ஜெல் பேனாவால் எழுதினால் மை காய நேரமெடுத்து விரல் பட்டதும் இழுபடும். தினசரிக் காலண்டரின் முதுகில் இருக்கும் கெட்டி அட்டையோ உடம்புக்கு மிக ஏற்றது. ஆனால் அதை மடிக்க முடியாது, இரண்டு துண்டாக வெட்டித் துணிக் கீலால் இணைக்க வேண்டும். சிவகாசியில் ஆடிப்பெருக்கு நாளில் அடுத்த ஆண்டுக் காலண்டருக்கான ஆல்பத்தை வெளியிடும் வழக்கம் இருக்கிறது. அப்படிப் பல மாதங்கள் முன்கூட்டியே திட்டமிட்டு, அச்சிட்டு, வீடு வீடாகச் சேரும் அந்த அட்டை டிசம்பர் 31ஆம் தேதி இரவோடு குப்பைக்குப் போவதைப் பார்க்க எனக்கு எப்போதுமே மனம் பொறுப்பதில்லை.

எந்தத் தாளானாலும் மடிப்பதற்கு முன் அதன் இழைப்போக்கைப் பார்த்துக்கொள்ள வேண்டும். தாளை நீளவாக்கிலும் அகலவாக்கிலும் மெல்ல வளைத்துப் பாருங்கள். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாகவே இழைகள் ஓடுகின்றன. அந்தப் போக்கிலேயே மடித்தால் மடிப்பு நேராக விழும். குறுக்கே மடித்தால் தடித்த தாள் வெடித்து வெள்ளை நார் தெரியும். மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை அளவுகோலோடு சேர்த்து ஒருமுறை அழுத்தி இழுத்துக் கோடு பதித்துவிட்டு மடித்தால், குறுக்கு இழையில்கூட ஓரளவு தப்பித்துக்கொள்ளலாம்.

மேற்பரப்பு: துணியா, அச்சுத்தாளா?

இந்தக் கேள்வியில் நான் தயக்கமில்லாமல் துணியின் பக்கம் நிற்கிறேன். அதிலும் சட்டைத் துணியின் பக்கம். ரவிக்கைப் பட்டு வழுக்கும், ஓரம் சீக்கிரம் பிரியும். பனியன் துணி வெட்டியதும் ஓரம் சுருண்டுகொள்ளும், இழுத்து ஒட்டினால் கோணும். பருத்திச் சட்டைத் துணிக்கு இந்த இரண்டு குணமும் இல்லை. அதன் கட்டமும் கோடுமே அளவுகோலாக உதவுவதால் வெட்டு நேராக வரும். பலமுறை துவைத்த சட்டையாக இருந்தால் சுருங்க வேண்டியது ஏற்கெனவே சுருங்கியிருக்கும். ஒட்டிய பிறகு அட்டையை இழுத்து வளைக்காது. பித்தான்பட்டி, பை, காலர் முனை என்று தைத்த பகுதிகளும் கூடவே கிடைக்கின்றன. துணியை முதலில் ஒரு மெல்லிய தாளின்மேல் ஒட்டிக் காயவைத்துவிட்டுப் பிறகு வடிவமாக வெட்டினால் நூல் பிரிவதில்லை. வெட்டிய பிறகு ஒட்ட முயன்றவர்கள் எல்லோரும் ஓரத்தில் நூல் தொங்கும் கார்களையும் யானைகளையும் செய்திருப்பார்கள், நானும் செய்திருக்கிறேன்.

அச்சுத்தாள்களில் பழைய பள்ளி அட்லஸின் பக்கங்கள் மிக நல்லவை. நதிகளின் நீலமும் மலைகளின் பழுப்பும் பின்னணியாக அமைய, அட்டை பெறுகிறவனின் ஊர் சரியாக நடுவில் வரும்படி வெட்டினால் வேறு அலங்காரமே தேவைப்படாது. செய்தித்தாள் அப்படியில்லை, மர நார்களைப் பிணைக்கும் லிக்னின் என்ற பொருள் அதில் அப்படியே இருப்பதால் வெயிலும் காற்றும் பட்டுச் சில மாதங்களில் மஞ்சளாகிவிடும். பேருந்துச் சீட்டுகளைச் சேர்த்து ஒட்டும் வழக்கம் என் சிறுவயதில் உண்டு. வண்ண வண்ணமான அந்த மெல்லிய சீட்டுகள் இன்றும் பெட்டியில் இருந்தால் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் இப்போது கருவியிலிருந்து வரும் சீட்டு வெப்பத்தால் எழுத்து பதியும் தாள். அதில் உள்ள எழுத்து தானாகவே மங்கிவிடும், சூடு பட்டால் தாளே கறுத்துவிடும். நினைவுக்காக ஒட்டுகிற ஒன்று நினைவுக்கு முன்பே அழிவது நல்லதல்ல.

ஜிகினாத் தூளைப் பற்றி ஒரு வரி போதும்: உதிரும், கண்ணில் படும், கையில் ஒட்டிச் சாப்பாட்டில் சேரும், பையனுக்கோ பெண்ணுக்கோ, யாருக்குமே நான் அதைப் பயன்படுத்துவதில்லை.

பசையில் செய்யக்கூடாத தவறு

பசைகளில் மூன்று நம் கைக்கு எட்டுபவை. மைதாவைக் குளிர்ந்த நீரில் கட்டியில்லாமல் கரைத்துப் பிறகு கண்ணாடிபோல் வரும்வரை காய்ச்சும் பசை மலிவானது, ஒட்டிய பின்னும் சிறிது நேரம் நகர்த்திச் சரிசெய்ய இடம் தரும், சிறுவர்களே கையால் தொட்டு வேலை செய்யலாம். ஆனால் அது உணவு என்பதால் இராமபாணப் பூச்சிக்கும் பிடிக்கும். புத்தகக் கட்டுநர்கள் அதைத் தடுக்க மயில்துத்தம் கலப்பதுண்டு. அது நஞ்சு, குழந்தையின் கைக்குப் போகும் அட்டையில் அதைச் சேர்க்கவே கூடாது. ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசை பல ஆண்டுகள் நிற்கும், ஆனால் அதிலுள்ள நீர் மெல்லிய தாளை அலை அலையாக்கிவிடும். குச்சிப் பசையில் நீர் குறைவென்பதால் தாளோடு தாள் ஒட்ட அதுவே மேல்.

நான்காவதாக, சில நொடிகளில் பிடித்துக்கொள்ளும் உடனடிப் பசை எல்லா மேசையிலும் கிடக்கிறது. அதைப் பருத்தித் துணியின்மேல் ஊற்றக் கூடாது. பருத்தி இழையைத் தொட்டதும் அந்தப் பசை மிக வேகமாக இறுகிச் சூட்டை வெளிவிடும். புகையெழும், விரல் சுட்டுவிடும். முதன்முதலில் சட்டைத் துணியில் அட்டை செய்த நாளில் இது தெரியாமல் என் ஆள்காட்டி விரல் நுனியில் கொப்புளம் வாங்கினேன். அப்போது பக்கத்தில் தம்பி மகன் உட்கார்ந்திருந்தான் என்பது இன்று நினைத்தாலும் திகிலூட்டுகிறது. துணியோடு வேலை செய்யும் நாளில் அந்தக் குழாயை மேசையிலிருந்தே எடுத்துவிடுங்கள்.

அசைவு: எழுந்து நிற்பதா, சுழல்வதா, பையா?

தட்டையான அட்டையைவிட ஏதேனும் ஓர் அசைவுள்ள அட்டை பையன்களிடம் நெடுநாள் தங்குகிறது. அசைவு தருவதற்கு நான் ஒப்பிட்டுப் பார்த்தவை மூன்று.

முதலாவது, திறந்ததும் எழுந்து நிற்கும் அட்டை. மடித்த தாளின் மடிப்போரத்திலிருந்து ஒரே நீளமுள்ள இரண்டு வெட்டுகள் போட்டு, நடுப்பட்டையை உட்பக்கமாகத் தள்ளினால் ஒரு படி உண்டாகும். அந்தப் படியின் முன்முகத்தில் படத்தை ஒட்டினால், அட்டையைத் திறக்கும்போது படம் நிமிரும். இதில் பலரும் அளவில்தான் தவறுகிறார்கள். ஏ4 தாளை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நடுவில் மடித்தால் 14.8 செ.மீ. அகலமும் மடிப்பிலிருந்து 10.5 செ.மீ. ஆழமும் உள்ள அட்டை கிடைக்கும். வெட்டின் நீளம் 3 செ.மீ. என்றால், அட்டையை மூடும்போது படி மடிப்பிலிருந்து 6 செ.மீ. வரை வந்து படியும். படமோ 3 செ.மீ. தொலைவில் தொடங்கி வெளிநோக்கிச் சாயும். ஆகவே படத்தின் உயரம் 10.5-இலிருந்து 3-ஐக் கழித்த 7.5 செ.மீ.க்குள் அடங்க வேண்டும், 7 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் மூடிய அட்டையிலிருந்து தலை வெளியே நீட்டாது. வெட்டிய இடத்தில் ஓட்டை தெரியும் என்பதால் பின்னால் இன்னொரு தாளை ஓரங்களில் மட்டும் பசையிட்டு ஒட்ட வேண்டும். அந்தப் படி இருக்கும் பகுதியில் பசை பட்டால் அட்டை திறக்கவே திறக்காது.

இரண்டாவது, சுழலும் வட்டு. அட்டையின் முகப்பில் சிறு ஜன்னல் வெட்டி, பின்னால் ஒரு வட்டை வைத்து, விரலால் சுழற்றும்போது ஜன்னலில் ஒவ்வொரு சொல்லாகத் தெரியும்படி செய்வது. வட்டுக்கு அச்சாக உலோக ஊசியைத் தேடியலைய வேண்டாம். முன்னால் ஒரு சட்டைப் பித்தான், பின்னால் ஒரு பித்தான், இரண்டையும் நடுத்துளை வழியாகத் தையல் நூலால் இணைத்து, ஒரு தாள் நுழையும் அளவு தளர்வு விட்டு முடிச்சிட்டால், அது மிக இலகுவாகச் சுற்றும். இதைவிட உறுதியான அச்சை நான் கண்டதில்லை. பித்தான் புடைத்திருப்பதால் தபாலில் அனுப்ப இது ஏற்றதல்ல. உறையின் மேல் முத்திரை குத்தும்போதும் கட்டுக் கட்டாக அடுக்கும்போதும் அந்த இடத்தில் தாள் கிழிந்துவிடும்.

மூன்றாவது, பை வைத்த அட்டை. செய்வது எளிது, கொஞ்சம் பெரிய பையன்களுக்குக் கௌரவமாக இருக்கும், உள்ளே பணமோ கடிதமோ வைக்கலாம். தாளிலேயே பை செய்கிறவர்கள் ஓர் அளவை நினைவில் வைக்க வேண்டும்: இப்போதைய 100 ரூபாய்த் தாளின் நீளம் 14.2 செ.மீ., 500 ரூபாய்த் தாளின் நீளம் 15 செ.மீ. மேலே சொன்ன 14.8 செ.மீ. அகலமுள்ள அட்டையில் 100 ரூபாய் மடிக்காமல் வரும், 500 ரூபாயை மடித்துத்தான் வைக்க வேண்டும். பணம் வைத்த அட்டையைக் கையில்தான் கொடுக்க வேண்டும். சாதாரணக் கடித உறையில் பணம் வைத்துத் தபாலில் சேர்ப்பது சரியல்ல.

இசைக்கும் அட்டைகளைப் பிரித்து அதன் பொத்தான் மின்கலத்தை எடுத்துப் புதிய அட்டையில் பொருத்தும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. வேண்டவே வேண்டாம். சிறு குழந்தை அதை விழுங்கிவிட்டால் உணவுக்குழாய் சில மணி நேரத்திலேயே வெந்து புண்ணாகிவிடும். பழைய இசை அட்டை வீட்டில் இருந்தால் அந்த மின்கலத்தைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை.

நால்வருக்கும் எடுத்த முடிவு

நான்கு வயதுக்காரனுக்கு மடிப்பே இல்லாத, தினசரிக் காலண்டர் முதுகட்டையில் செய்த பெரிய ஒற்றை அட்டை. அந்த வயதுக்கு அசைவுள்ள அட்டை பிடிக்கும் என்பது உண்மைதான், ஆனால் பிடித்த அடுத்த நிமிடம் பிய்ந்துவிடும். அதைவிட முக்கியமாக, அந்த அட்டை அவன் தங்கையின் வாய்க்கும் போகும். மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளின் பொம்மைகளைச் சோதிக்கப் பயன்படும் உருளையின் விட்டம் 31.7 மில்லிமீட்டர், அதற்குள் முழுதாக அடங்கும் எந்தப் பொருளும் தொண்டையில் சிக்கக்கூடியது என்று கொள்கிறார்கள். பித்தான், சமுக்கி, மணி எல்லாமே இந்தக் கணக்கில் விழுந்துவிடுகின்றன. எனவே அவனுக்கு உள்ளங்கை அகல டயர்கள் கொண்ட டிராக்டர்: டயர் நெளியட்டையில், உடம்பு கிளிப்பச்சை ரவிக்கைத் துணியில், பசை மைதாப் பசை. தங்கை கடித்தாலும் பசையால் பயமில்லை. பூச்சி அரிக்கும் காலம்வரை அந்த அட்டை அவன் கையில் தாங்கப்போவதும் இல்லை.

சென்னைப் பையனுக்கு எழுந்து நிற்கும் ரயில். இங்கே முடிவைத் தீர்மானித்தது தபால் எடைதான். சாதாரணக் கடிதத்துக்கு ஒவ்வொரு 20 கிராமுக்கும் கட்டணம் ஏறும். ஏ4 தாள் சதுர மீட்டரில் பதினாறில் ஒரு பங்கு என்பதால், 250 கிராம் எடைப் பத்திரிகைத் தாளில் பாதி ஏ4 வெட்டினால் 7.8 கிராம் வரும். வெளித்தாள், உள்தாள் இரண்டையுமே பத்திரிகையில் வெட்டினால் 15.6 கிராம், 7 செ.மீ. உயரமும் 12 செ.மீ. நீளமும் உள்ள ரயில் படம் 2.1 கிராம், சிறு உறை மூன்றரைக் கிராம். மொத்தம் 20-ஐத் தாண்டிவிடுகிறது. உள்தாளை மட்டும் சதுர மீட்டருக்கு 120 கிராம் எடையுள்ள சார்ட்டில் வெட்டினால் அதன் எடை 3.75 கிராமாகக் குறைந்து, மொத்தம் 17 கிராம் அளவில் நிற்கிறது. பசைக்கும் ஜரிகைத் தண்டவாளத்துக்கும் 3 கிராம் மிச்சம் இருக்கிறது. தாள் மெலிந்ததால் படி இன்னும் மென்மையாக எழுகிறது என்பதும் செய்து பார்த்தபோது தெரிந்தது. உறையை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு அதற்குள் போகும்படி அட்டையை வெட்டியது நல்லதாயிற்று. அட்டையை முடித்துவிட்டு அதற்கேற்ற உறையைத் தேடுவது பெரும்பாடு.

பதின்மூன்று வயதுக்காரனைப் பற்றித்தான் நிறைய யோசித்தேன். அந்த வயதில் குழந்தைத்தனமான படம் கொடுத்தால் முகம் சுருங்கும். ஒன்றுமே இல்லாத வெறும் அட்டையைக் கொடுத்தால் நாம் முயலவே இல்லை என்று நினைப்பான். அவனுக்குச் சுழலும் வட்டை ஸ்கோர்போர்டாகச் செய்ய முடிவெடுத்தேன். 9 செ.மீ. விட்டமுள்ள வட்டு, மையம் அட்டையின் திறக்கும் ஓரத்திலிருந்து 4 செ.மீ. உள்ளே, அப்போது வட்டின் விளிம்பு அரை செ.மீ. வெளியே நீண்டு கட்டைவிரலுக்குப் பிடி கிடைக்கிறது. வட்டை 13 கூறுகளாகப் பிரிக்க ஒவ்வொன்றுக்கும் 27.7 பாகை; கோணமானியில் சரியாகக் குறிப்பது கடினம் என்பதால் கடைசிக் கூறு மயிரிழை அகன்றுவிட்டது, ஜன்னலில் அது தெரியவில்லை. ஒன்று முதல் 13 வரை ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அந்த வயதில் அவன் செய்த ஒரு செயலைச் சில சொற்களில் எழுதினேன். மூன்று ஈர்க்குச்சிகளை ஸ்டம்பாக ஒட்டி, அவற்றின் பின்னணிக்கு அட்லஸ் பக்கத்தை யோசித்துவிட்டுக் கைவிட்டேன். நல்ல தாள் என்பதற்காகவே அதை எல்லா அட்டையிலும் நுழைக்கக் கூடாது. அரக்கு நிறப் பிரவுன் ஷீட்டே போதுமானதாக இருந்தது. இந்த அட்டை அவன் அம்மா கையில் கோவைக்குப் போகிறது.

அண்ணன் மகனுக்குச் செய்வதில் எனக்கு ஒப்பீடே தேவைப்படவில்லை என்றுதான் நினைத்திருந்தேன். அப்பாவின் சட்டைகளில் மூன்றை அம்மா இன்னும் வைத்திருக்கிறார். சந்தன நிறத்தில் மெல்லிய பழுப்புக் கட்டம் போட்ட சட்டையின் முதுகில் ஏற்கெனவே கிழிசல் விழுந்திருந்ததால், அதைக் கேட்டு வாங்கினேன். ஒப்பிட வேண்டியிருந்தது அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதில்தான். கட்டத் துணியைச் சிறிய சட்டை வடிவமாக வெட்டி ஒட்டினால் அழகாக இருக்கும், ஆனால் யாருடைய சட்டை என்று சொல்லித்தான் தெரியும். நெஞ்சுப் பகுதியைப் பையோடு சேர்த்து அப்படியே எடுத்தால் சொல்லவே வேண்டாம். தாத்தாவின் பேனா நுனி பட்டு நீலம் படிந்த அந்தப் பையை அவன் சிறுவயதில் தோளில் உட்கார்ந்து துழாவியவன்.

ஆகவே உடம்பு, தினசரிக் காலண்டரின் முதுகட்டையில் வெட்டிய இரண்டு பலகைகள், ஒவ்வொன்றும் 15 செ.மீ. அகலம், 21 செ.மீ. உயரம். அட்டையின் தடிமன் 2 மி.மீ. என்பதால் நடுவில் 5 மி.மீ. இடைவெளி விட்டுத் துணியையே கீலாக்கினேன்; இடைவெளி குறைந்தால் மூடும்போது துணி இழுபட்டு ஓரம் திறந்துவிடும். வெள்ளைப் பசையைத் துணியில் தடவாமல் அட்டையில் மெல்லிசாகத் தேய்த்து, பளபளப்பு சற்று அடங்கிய பிறகு துணியைப் படியவைத்தால் பசை ஊறி வெளியே கறை தெரியாது. ஓரங்களில் ஒன்றரை செ.மீ. துணியை உள்ளே மடித்து ஒட்டி, உட்பக்கம் முழுவதும் வெள்ளைத் தாளை ஒட்டினேன். வெளியே ஒட்டிய துணி காயும்போது அட்டையைத் தன் பக்கம் இழுக்கும். உள்ளே ஒட்டிய தாள் அதை எதிர்ப்பக்கம் இழுத்துச் சமன் செய்யும். இரண்டு கனத்த அகராதிகளுக்கு அடியில் ஓர் இரவு வைத்திருந்ததில் பலகைகள் இம்மியும் வளையவில்லை.

பை முகப்பில் இருக்கிறது. அதில் 500 ரூபாயும் ஒரு ரூபாய் நாணயமும் வைத்துக் கொடுக்கலாம் என்று அண்ணி சொன்னார். அதைத் தனியே தட்டில் வைத்துக் கொடுக்கட்டும். பைக்குள் வைக்க வேறொன்று இருக்கிறது. அவன் பிறந்த அன்று அப்பா தினசரிக் காலண்டரிலிருந்து கிழித்து, ஜாதகம் எழுதுவதற்காகப் பிறந்த நேரத்தைப் பென்சிலால் ஓரத்தில் குறித்து, தன் டைரிக்குள் வைத்திருந்த தாள். ஓரங்கள் பழுத்துவிட்டன, மடிப்பில் தொட்டால் உதிரும். லாமினேஷன் செய்துவிடலாமென்று ஒருவர் சொன்னார். சூட்டிலும் பிளாஸ்டிக்கிலும் ஒருமுறை சிக்கிய தாளைத் திரும்ப எடுக்க முடியாது என்பதால் மறுத்துவிட்டேன். பட்டர் பேப்பரில் ஓர் உறை மடித்து, பசையே படாமல் அதற்குள் அந்தத் தாளை வைத்து, உறையைப் பைக்குள் இறக்கியிருக்கிறேன். காலண்டரின் அச்செழுத்து வெளிறிவிட்டது. பென்சிலில் எழுதிய நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.